குளிர்சாதனப் பெட்டித் தாய்மார்: ஒரு பழியின் வரலாறு

பிள்ளைக்கு ஒரு குறை என்றால் அதற்குத் தாயைக் காரணம் காட்டுவது எமது சமூகத்துக்குப் புதிய விடயமல்ல. கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாள், கண்ணூறு கழிக்கவில்லை, சாத்திரியார் சொன்ன நேர்த்தியைச் செய்யவில்லை என்று சொல்வதற்கு ஊரில் எப்போதும் யாராவது இருப்பார்கள். இவையெல்லாம் படிப்பறிவு குறைந்தவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிடுவோர் ஒரு வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள், ஏறக்குறைய 20 ஆண்டுகளாக, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார் மீது இதே பழியைச் சுமத்தினார்கள். சாத்திரியார் கிரகத்தைக் காட்டினார். இவர்கள் விஞ்ஞானத்தைக் காட்டினார்கள் என்பது மாத்திரமே வித்தியாசம்.

தமிழ்நாட்டில் இதற்கு மதியிறுக்கம் என்ற சொல் வழங்குகிறது. மதி இறுகிவிட்டது என்ற எண்ணத்தைத் தருவதால் எனக்கு அச்சொல்லில் உடன்பாடு இல்லை. இலங்கையில் வைத்தியர்களும் பெற்றோரும் சொல்லும் ஓட்டிசம் என்ற சொல்லையே இங்கு பயன்படுத்துகிறேன். அச்சொல்லை உருவாக்கியவர் சுவிற்சர்லாந்தின் உளமருத்துவர் ஒய்கன் புளொய்லர். 'தான்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து அதனை ஆக்கினார். 1911 இல் அவர் அதனைப் பயன்படுத்தியது பிள்ளைகளைப் பற்றியல்ல. உளச்சிதைவு நோயாளர்கள் தமக்குள்ளேயே ஒடுங்கிவிடுவதைக் குறிப்பதற்கே. பிள்ளைகளிடம் இத்தகைய இயல்புகளை முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் மொஸ்கோவைச் சேர்ந்த குரூனியா சுகரேவா என்ற பெண் மருத்துவர். 6 சிறுவர்கள் பற்றிய அவரது கட்டுரை 1925 இல் ரஷ்ய மொழியிலும் அடுத்த ஆண்டு ஜேர்மன் மொழியிலும் வெளிவந்தது. ஆங்கில உலகம் அதனை 1996 வரை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஆங்கில உலகத்துக்கு இக்கதை மிஸிஸிப்பி மாநிலத்தின் ஃபொரெஸ்ற் என்ற சிறு நகரத்தில் தொடங்குகிறது. அங்கு பீமன் ட்ரிப்லெட் என்ற சட்டத்தரணி இருந்தார். மனைவி மேரி, உள்ளூர் வங்கியை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தவர். இவர்களின் மூத்த மகன் டொனால்ட் 1933 செப்டெம்பரில் பிறந்தான். ஒரு வயதிலேயே கேட்ட பாட்டுக்களைச் சுருதி பிசகாமல் முணுமுணுத்தான். இரண்டரை வயதளவில் வேதாகமத்தின் 23 ஆம் சங்கீதத்தை முழுமையாக ஒப்புவித்தான். ஆனால் தந்தை வீட்டுக்கு வந்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. தாய் அழைத்தால் வருவதில்லை. சட்டி மூடிகளையும் மரக்கட்டைகளையும் சுழலவிட்டு அதனையே மணிக்கணக்காகப் பார்த்திருந்தான். யாராவது தடுத்தால் வீடே அதிரும்படி கத்தினான்.

வைத்தியர்களின் ஆலோசனைப்படி 1937 இல், நான்கு வயது நிறைவதற்கு முன்னரே, டொனால்ட் ஒரு பராமரிப்பு நிலையத்தில் விடப்பட்டான். அக்காலத்தில் அது வழமையான அறிவுரை. பிள்ளையை அரசாங்க இல்லத்தில் விடுங்கள், மறந்துவிடுங்கள், இன்னொரு பிள்ளையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே வசதியுள்ள குடும்பங்களுக்கும் சொல்லப்பட்டது. ட்ரிப்லெட் தம்பதியினரால் மறக்க முடியவில்லை. ஓராண்டின் பின், நிலையத்தின் பொறுப்பாளர் விரும்பாத போதிலும், மகனை வீட்டுக்குக் கூட்டி வந்தனர். ஓராண்டு கவனிப்புக்கு அந்த நிலையம் அரைப்பக்க அறிக்கையொன்றையே கொடுத்தது. மாறாக, தந்தை தனது அலுவலகத்தில் இருந்து சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வித்த கடிதம் 33 பக்கங்கள் நீண்டது. அது பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த டொக்டர் லியோ கனருக்குப் போயிற்று. 1938 ஒக்டோபரில் கனர் சிறுவனைப் பார்த்தார்.

ஓட்டிசம் பற்றிய இன்றைய அறிவின் முதல் ஆவணங்களுள் ஒன்று ஒரு தந்தையின் கடிதம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கனர் அதனை வியந்து மதித்தார். 1943 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் வரும் 11 பிள்ளைகளில் (8 ஆண், 3 பெண்) முதலாவது டொனால்ட். அவனைப் பற்றிய பகுதியில் பெரும் பங்கு அக்கடிதத்தில் இருந்தே எடுக்கப்பட்டது. கட்டுரையின் இறுதியில் கனர் வந்த முடிவு தெளிவானது: இப்பிள்ளைகள் மற்றவர்களுடன் உணர்வுபூர்வமான தொடர்பை ஏற்படுத்தும் ஆற்றல் குறைந்தவர்களாகவே பிறந்திருக்கிறார்கள், இது பிறவியிலேயே உள்ளது. ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு குறிப்பையும் எழுதிவைத்தார். இந்தப் பெற்றோர்களுள் உண்மையான கனிவு கொண்டவர்கள் மிகச் சிலரே என்பதுதான் அது. அந்த ஒரு குறிப்பு பின்னர் முழுக் கட்டுரையையும் விழுங்கிவிட்டது.

கனர் கொடியவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றைய உக்ரேனில் உள்ள ஒரு கிராமத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பேர்லினில் மருத்துவம் கற்று, 1924 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். நாஜிகளிடம் இருந்து தப்ப முயன்ற யூத மருத்துவர்கள் பலருக்கு அமெரிக்காவில் இடம் தேடிக் கொடுத்தவர். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் 'கருணைக் கொலை' செய்யலாம் என்று 1942 இல் ஓர் அமெரிக்க நரம்பியல் நிபுணர் வாதிட்டபோது அதை எதிர்த்து எழுதியவர். இன்னும் விசித்திரம் என்னவென்றால், 1941 இல் தாய்மாருக்கு ஆதரவாக ஒரு நூலையே எழுதியிருந்தார். உளவியலாளர்களின் அதீத உற்சாகத்தில் இருந்து தாய்மாரைக் காப்பதே அந்நூலின் நோக்கம்.

இத்தகைய மனிதர் சில ஆண்டுகளிலேயே மாறிப்போனார். அக்காலத்தில் அமெரிக்க உளமருத்துவத்தை பிராய்டின் உளப்பகுப்பாய்வு முற்றாக ஆட்கொண்டிருந்தது. எந்த மனக்கோளாறுக்கும் வேரைச் சிறுவயது வீட்டில் தேடுவதே முறை. 'பிறவியில் உள்ளது' என்ற விளக்கத்தை அத்துறையினர் ரசிக்கவில்லை. 'பெற்றோரின் குளிர்மை' என்ற விளக்கத்தை ரசித்தார்கள். 1949 இல் கனர் எழுதிய கட்டுரையில், இப்பிள்ளைகள் உறைபனி உருகாத குளிர்சாதனப் பெட்டியில் ஒழுங்காக அடுக்கிவைக்கப்பட்டவர்கள் என்ற உவமை வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டே, 1948 ஏப்ரலில், ரைம் சஞ்சிகை 'உறைந்த பிள்ளைகள்' என்று பொருள்படும் தலைப்பில் இக்கருத்தை நாடெங்கும் கொண்டுசென்றுவிட்டது. 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற தொடர் இப்படித்தான் வழக்கில் வந்தது. ஒரு நல்ல உவமை கிடைத்துவிட்டால் அதற்குப் பின்னால் சான்று இருக்கிறதா என்று தேடும் பொறுமை பத்திரிகை அலுவலகங்களில் குறைவு. முப்பது வருடத்துக்கு மேல் அத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கனரின் தர்க்கத்தில் இருந்த ஓட்டை எளிமையானது. அவரைத் தேடி வந்த பெற்றோர் சட்டத்தரணிகள், பேராசிரியர்கள், மருத்துவர்கள். ஆகவே படித்த, அளந்து பேசும் பெற்றோருக்கே இத்தகைய பிள்ளைகள் பிறக்கின்றனர் என்று அவர் எண்ணினார். மிஸிஸிப்பியில் இருந்து பால்ற்றிமோருக்கு ரயிலில் பயணம் செய்து நிபுணரைக் காணும் வசதி யாருக்கு இருந்தது என்று அவர் கேட்கவில்லை. பருத்தித் தோட்டத்துக் கூலியின் பிள்ளை அவரது கதவைத் தட்டவே வழியில்லை.

ஆனால் பழியை ஒரு கோட்பாடாகவே கட்டியெழுப்பியவர் வேறொருவர். புறூனோ பெற்றல்ஹைம் 1903 இல் வியன்னாவில் பிறந்தவர். யூதர் என்பதால் 1938 இல் டாஹௌ, புக்கன்வால்ட் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு விடுதலையாகி அமெரிக்கா சேர்ந்தார். 1944 முதல் 1973 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வதிவிடப் பாடசாலையொன்றின் பணிப்பாளராக இருந்தார். 1967 இல் வெளிவந்த 'வெறுங்கோட்டை' என்ற அவரது நூல், வதைமுகாமில் கைதிகள் உயிர்வாழும் விருப்பை இழந்து உறைந்துபோனதையும் ஓட்டிசம் உள்ள பிள்ளை உள்ளொடுங்குவதையும் ஒப்பிட்டது. அப்படியானால் அந்த வீட்டில் முகாம் காவலர் யார்? பிள்ளை பிறக்காமல் இருந்திருக்கலாம் என்று உள்ளூர விரும்பிய தாய்தான் என்பது அவர் கருத்து. சிகிச்சையின் முதற்படி பிள்ளையைப் பெற்றோரிடம் இருந்து பிரிப்பது.

அந்நூல் ஆகா ஓகோ என்று வரவேற்கப்பட்டது. பெற்றல்ஹைம் பெண்கள் சஞ்சிகையில் பத்தி எழுதினார், தொலைக்காட்சியில் தோன்றினார். அவரது கலாநிதிப் பட்டம் மருத்துவத்திலோ உளவியலிலோ பெற்றதல்ல என்பதும், சிகிச்சை வெற்றி பற்றி அவர் சொன்ன கணக்குகளை எவரும் சரிபார்க்கவில்லை என்பதும் அப்போது யாரையும் உறுத்தவில்லை. 1990 இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்ட பின்னர், பாடசாலையின் முன்னாள் மாணவர்கள் பலர் தாம் அங்கு அடிக்கப்பட்டதையும் அவமானப்படுத்தப்பட்டதையும் பகிரங்கமாக எழுதினர். வதைமுகாமில் இருந்து மீண்ட ஒருவர், நாடெங்கும் இருந்த தாய்மாரை அம்முகாமின் காவலர்களோடு ஒப்பிட்டார் என்பது எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு ஜீரணமாகாத ஒன்று.

வீடுகளில் இது என்ன செய்தது? பிள்ளைக்குச் சிகிச்சை வேண்டுமென்றால் முதலில் தாய் உளப்பகுப்பாய்வுக்குச் செல்ல வேண்டும். ஏன் பிள்ளையை வெறுக்கிறாய் என்ற கேள்வியை வாரந்தோறும் எதிர்கொள்ள வேண்டும். வெறுக்கவில்லை என்றால், மறுப்பதே வெறுப்புக்குச் சான்று. அந்தத் தாயின் ஏனைய பிள்ளைகள் நன்றாக வளர்ந்திருந்தாலும் அது கணக்கில் எடுக்கப்படவில்லை. இரவில் தூங்காத, ஆடை அணிய மறுக்கும், பேசாத ஒரு பிள்ளையோடு நாளெல்லாம் போராடிய பெண்ணிடம் 'நீதான் காரணம்' என்று சொல்லிவிட்டுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

இதனை உடைத்தவர் ஒரு தந்தை. பெர்னார்ட் றிம்லன்ட், சன்டியாகோவில் அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்த உளவியலாளர். ஆளெடுப்புப் பரீட்சைகள்தான் அவரது துறை. 1956 இல் பிறந்த மகன் மார்க் இடைவிடாது அழுதான், தூக்க விடமாட்டான். வைத்தியருக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லூரிக் காலத்துப் பாடநூல் ஒன்றில் இப்படியொரு பிள்ளை பற்றிப் படித்த ஞாபகம் மனைவி குளோரியாவுக்கு வந்தது. பழைய பெட்டிகளைக் கிளறி அப்புத்தகத்தை எடுத்தபோதுதான் 'ஓட்டிசம்' என்ற சொல்லையே றிம்லன்ட் முதன்முதலாகக் கண்டார். பின்னர் கிடைத்த எல்லாவற்றையும் வாசித்தார். தாயின் குளிர்மையால் இது வருகிறது என்பதற்கு எவரும் ஒரு சான்றும் காட்டவில்லை என்று கண்டார். 1964 இல் அவர் வெளியிட்ட நூல் இது மூளையின் வளர்ச்சி சார்ந்தது என்று வாதிட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் லியோ கனர்!

நூலின் இறுதியில் பெற்றோர் நிரப்பி அனுப்பக்கூடிய ஒரு வினாப்பட்டியல் இருந்தது. நாடெங்கும் இருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அதுவரை ஒவ்வொரு குடும்பமும் தனது வீட்டில் மாத்திரமே இப்படி என்று எண்ணிக்கொண்டிருந்தது. 1965 நவம்பரில் நியூஜெர்சி மாநிலத்தின் ஒரு வீட்டில் கூடிய பெற்றோர், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான தேசிய சங்கத்தை ஆரம்பித்தனர். தேர்தல் மூலம் தெரிவான அதன் முதல் தலைவி றூத் கிறைஸ்ற் சலிவன் 7 பிள்ளைகளின் தாய். மேற்கு வேர்ஜீனியாவில் வாழ்ந்தவர். எல்லா மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுக் கல்வியை உறுதிசெய்த 1975 ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

பெற்றல்ஹைமின் நூல் வெளிவந்த அதே 1967 இல் இன்னொரு நூலும் வந்தது. 'முற்றுகை' என்ற அந்நூலை எழுதிய கிளாரா கிளைபோர்ன் பார்க், மசசூசெற்ஸில் இலக்கியம் கற்பித்தவர். தனது நான்காவது பிள்ளையை வீட்டிலேயே வைத்து அங்குலம் அங்குலமாக உலகத்துக்குள் கொண்டுவந்த கதை அது. கோட்பாடு எதுவும் இல்லை. ஒரு குவளையைப் பிள்ளை தானே தூக்கிக் குடிப்பதற்கு எத்தனை மாதம் எடுத்தது என்பது போன்ற விபரங்களே உண்டு. அந்த மகள் பின்னர் ஓவியர் ஆனார். எனது மதிப்பீட்டில் அந்த ஆண்டு வந்த இரு 'கோட்டை' நூல்களில் ஓட்டிசம் பற்றி அறிந்து எழுதியது தாயின் நூல்தான்.

பெற்றல்ஹைமின் சிக்காகோவிலேயே பயின்றவர் எரிக் ஷொப்லர். அவரும் ஜேர்மனியில் இருந்து தப்பி வந்த யூதர். கண்டது பிடிக்காமல் வட கரோலினா சென்று, 1972 இல் அம்மாநிலம் முழுவதற்குமான ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதில் பெற்றோர் நோயின் காரணம் அல்லர், ஆசிரியரோடு சேர்ந்து பணிபுரியும் துணைச் சிகிச்சையாளர்கள். இன்று உலகின் பல பாடசாலைகளில் காணும் படங்களாலான நேர அட்டவணை முறை பெருமளவில் அங்கிருந்து பரவியதே.

1969 இல் பெற்றோர் சங்கத்தின் மாநாட்டுக்குக் கனர் அழைக்கப்பட்டார். தான் ஆரம்பம் முதலே 'பிறவியில் உள்ளது' என்றே எழுதினேன், என்னைத் தவறாக மேற்கோள் காட்டினார்கள் என்று கூறி, பெற்றோராகிய உங்களை நான் விடுதலை செய்கிறேன் என்ற பொருள்பட அறிவித்தார். மண்டபம் எழுந்துநின்று கைதட்டியது. குற்றம் சாட்டியவரே நீதிபதியாக இருந்து விடுதலை அளித்ததைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அன்று அங்கிருந்த தாய்மார் அழுதார்கள் என்றால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

பிரித்தானியாவில் 1962 இலேயே பெற்றோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துவிட்டனர். அவர்களுள் ஒருவர் லோர்னா விங். தானே உளமருத்துவர், ஓட்டிசம் உள்ள மகளின் தாய். 1979 இல் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து லண்டனின் கம்பர்வெல் பகுதியில் செய்த ஆய்வின் வழியே, இது ஒரே அச்சில் வார்த்த நோயல்ல, பல நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும் நிறமாலை போன்றது என்ற கருத்தை நிலைநாட்டினார். 1977 இல் சூசன் ஃபோல்ஸ்ரைனும் மைக்கேல் றட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தனர். ஒரே கருவில் இருந்து பிரிந்த 11 சோடிகளில் 4 இல் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. ஏனைய 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பரம்பரையின் பங்கு அதன்பின் மறுக்க முடியாததாயிற்று.

இத்தோடு பழி ஓய்ந்தது என்று எழுத ஆசைதான். 1998 இல் லண்டனில் அன்ட்ரூ வேக்ஃபீல்டும் குழுவினரும் 12 பிள்ளைகளை மாத்திரம் வைத்து, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா முத்தடுப்பூசியோடு ஓட்டிசத்தைத் தொடர்புபடுத்தும் கட்டுரையை லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டனர். பத்திரிகைகள் மீண்டும் ஒருமுறை சான்றைத் தேடாமல் தலைப்பைத் தேடின. இம்முறை தாய் செய்த குற்றம், பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுசென்றது. இதனை உடைத்தவரும் ஒரு பத்திரிகையாளரே என்பது எமது தொழிலுக்குக் கிடைத்த சிறு ஆறுதல். சண்டே ரைம்ஸின் பிரையன் டீர் 2004 இல் இருந்து ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்தார். 2010 இல் சஞ்சிகை கட்டுரையை மீளப்பெற்றது. வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவப் பதிவேட்டில் இருந்து நீக்கப்பட்டது. 2019 இல் டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளை ஆராய்ந்த ஆய்விலும் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் அதற்கிடையில், 2008 இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சின்னமுத்து மீண்டும் நிலைகொண்ட நோயாக அறிவிக்கப்பட்டுவிட்டது. வருத்தம் தருவது என்னவென்றால், தாய்மாரை மீட்ட றிம்லன்டும் தமது பிற்காலத்தில் தடுப்பூசியையே சந்தேகித்தார்.

பிரான்ஸில் பழைய பழியே நீடித்தது. அங்கு உளப்பகுப்பாய்வின் பிடி தளரவில்லை. 2011 இல் சோஃபி றொபேர்ட் எடுத்த ஆவணப்படம், தாயைக் குறைகூறும் உளப்பகுப்பாய்வாளர்களைக் கமராவின் முன் பேசவிட்டது. பேசியவர்களுள் மூவர் வழக்குத் தொடர்ந்தனர்; 2012 இல் நீதிமன்றம் அப்பகுதிகளை நீக்கும்படி உத்தரவிட்டு, 2014 இல் மேன்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. எமது மக்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நாடு என்பதால் இது தூரத்துச் செய்தியல்ல.

டொனால்ட் என்ன ஆனார் என்று கேட்கலாம். 1942 இல் அவரை ஊருக்கு வெளியே ஒரு விவசாயத் தம்பதியினரிடம் பெற்றோர் தங்க வைத்தனர். அளப்பதில் பித்துக்கொண்ட சிறுவனிடம் அந்த விவசாயி கிணறு ஒன்றின் ஆழத்தை அளக்கும் வேலையைக் கொடுத்தார். சோள வரிசைகளை எண்ணியபடியே உழவும் பழக்கினார். பின்னர் டொனால்ட் கல்லூரிப் பட்டம் பெற்று, குடும்பத்து வங்கியில் வேலைசெய்து, கோல்ஃப் விளையாடி, தனியாகப் பல நாடுகளுக்குச் சென்று வந்து, 2023 ஜூனில் 89 வயதில் சொந்த ஊரில் காலமானார். பணமும் வங்கியும் இருந்த வெள்ளையினக் குடும்பம் என்பதை மறக்கலாகாது. 1971 இல் கனர் தமது 11 பிள்ளைகளையும் தேடிப் பார்த்தபோது, அரசாங்க இல்லங்களில் விடப்பட்டவர்கள் இருந்த சிறிய ஆற்றல்களையும் இழந்திருந்தனர் என்று எழுதினார்.

இலங்கையைப் பொறுத்தவரை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, அரை நகர்ப்புறப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவைத் தந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் இது மேல்நாட்டு நோய் என்ற பேச்சுக்கு அது போதிய பதில். பழியும் உள்ளூர் உடையில் இருக்கிறது. தாய் வேலைக்குப் போனாள், பிள்ளையிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்தாள் என்கிறார்கள். திரையை அதிகம் பார்ப்பது நல்லதல்ல என்பது வேறு; அதனால் ஓட்டிசம் உண்டாகிறது என்பது வேறு.

புலம்பெயர்ந்த நாடுகளில் இன்னொன்றையும் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் இரண்டு மொழி பேசியதாலேயே பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, தமிழை நிறுத்துங்கள் என்று பாடசாலையில் கூறியிருக்கிறார்கள். நிறுத்திய வீடுகளும் உண்டு; அங்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியாத அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளையோடு பேச எதுவும் மிஞ்சவில்லை. கனடாவின் மொன்றியலில் செய்யப்பட்டு 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரு மொழிச் சூழலில் வளரும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் ஒரு மொழிச் சூழலில் வளர்வோரைவிட மொழியில் மேலதிகமாகப் பின்தங்கவில்லை என்று கண்டது. அதன்பின் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அவ்வாறே சொல்கின்றன. பாடசாலை இவ்வாறு அறிவுரை கூறினால், எந்த ஆய்வின் அடிப்படையில் என்று பெற்றோர் கேட்கலாம்.